நத்தைகள் மேல் விழுந்த பழி

வில்ஃப் பிராஸருக்கு ஐம்பத்தெட்டு வயது நடந்த அந்த இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் ஹெரஃபர்ட் பக்கம் வழக்கத்தைவிட மூடுபனி அதிகம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காலையில் கதவைத் திறந்தால் தோட்டத்து ஆப்பிள் மரங்களெல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் நிற்பதுபோல் தெரியும். மதியமானாலும் தெளியாது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், ரொட்டிமேல் பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"இந்தப் பனி எப்பத்தான் விலகப்போகுதோ. டாஃபடில் பூக்கிழங்கு இன்னும் அரை மூட்டை நடாம கிடக்கு."

அவர் மனைவி நெஸ்டா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி காய்ந்து மொடமொடவென்று ஆடியது. எதிர் மேட்டில் மேயும் ஆடுகளைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

"எந்தப் பனி?" என்றாள்.

வில்ஃப் மெல்வதை நிறுத்தினார். "காலையில இருந்துச்சே, அதைச் சொன்னேன்."

"காலையிலயும் இல்ல."

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போனார். பாதி ரொட்டி தட்டிலேயே கிடந்தது. சாப்பாட்டை மிச்சம் வைக்கிற ஆளில்லை அவர். நெஸ்டாவுக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

வில்ஃப் தோட்டக்காரராக வேலை பார்க்கும் லார்க்ஹோப் மாளிகையில்தான் அவர் அப்பா ஏமஸும் தோட்டக்காரராக இருந்தார். நடு வயதில் அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கி, ஒரு நாள் மொத்தமாகப் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்தார். தோட்டத்து ஓரத்திலிருந்த சிறிய கல்வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனதும் வீடும் போயிற்று. அப்போதைய முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், கைகூடக் குலுக்கினார். ஆனால் காலி செய்யச் சொன்னார். குடும்பம் லெம்ஸ்டர் ஊரில் அத்தை வீட்டுப் பின்னறைக்குக் குடிபோனது. அங்கே அப்பா சுவரைப் பார்த்தபடி போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஜன்னல் பக்கம் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டால், எனக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதானே என்பார்.

ராணுவத்திலிருந்து திரும்பி வந்த வில்ஃப், அதே தோட்டத்தில் அதே வேலைக்குச் சேர்ந்தார். நெஸ்டாவைக் கட்டிக்கொண்டு அதே கல்வீட்டுக்குக் குடிவந்தார். இப்போது தன் கண்ணும் மங்குகிறது என்று தெரிந்ததும், அப்பாவின் நோய் ரத்தத்தில் வந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். வேறு டாக்டர் தேவைப்படவில்லை.

"ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்துடலாம்" என்று நெஸ்டா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

"காட்டினா என்ன சொல்வான்? எங்கப்பாவுக்குச் சொன்னதைத்தான் சொல்வான். தெரிஞ்ச சேதியை இன்னொருத்தன் வாயால கேக்கணுமாக்கும்."

"மாளிகை மேடத்துக்கிட்டயாவது சொல்லு."

"சொல்லிட்டு எங்க போறது? உன் தங்கச்சி வீட்டுப் பின்னறைக்கா? கடைசியில நானும் சுவத்தைப் பாத்து உக்காரணுமா?"

நெஸ்டா வற்புறுத்துவதை விட்டாள். மாளிகையில் துடைத்துப் பெருக்குவது அவள் வேலை. அன்றிலிருந்து அதோடு இதுவும் சேர்ந்தது. விதைப் பொட்டலங்களில் உள்ள பெயரை அவள் படித்துச் சொல்வாள், அவர் குச்சியில் கத்தியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்வார்.

குளிர்காலம் அவ்வளவு மோசமாகப் போகவில்லை. ரோஜாவைக் கவாத்து செய்வதற்குக் கண் அதிகம் தேவைப்படவில்லை. கட்டைவிரலைத் தண்டின்மேல் ஓட்டினால் வெளிப்பக்கம் பார்த்த மொட்டு தட்டுப்படும், அதற்குக் கொஞ்சம் மேலே சரிவாக வெட்டினால் போதும். பனி உறைந்த நாட்களில்தான் பாடு. தாழ்வாக அடிக்கும் சூரியன் வெண்பனியில் பட்டுத் தெறித்ததும் கண்ணுக்குள் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாற்போல எல்லாம் வெள்ளையாகிவிடும். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அது கரையும்வரை கொட்டகைக்குள் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்.

ஊர் மதுக்கடையில் சுவர்ப் பலகையைக் குறிபார்த்துச் சிற்றம்பு எறிந்து விளையாடுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அவர் எறிந்த அம்பு பலகையை விட்டுவிட்டு, பக்கத்தில் பதம் செய்து மாட்டியிருந்த நரித்தலையின் காதில் போய்க் குத்தி நின்றது. கடையே சிரித்தது.

"நரி செத்துப் பல வருஷமாச்சு வில்ஃப். இன்னொரு தடவை கொல்லணும்னு அப்படியென்ன கோபம்?" என்றார் சிரில் கமரி. பக்கத்துப் பண்ணையில் வேலை பார்ப்பவர், வில்ஃபோடு பள்ளியில் படித்தவர்.

"தோள் வலிடா. கை ஏறமாட்டேங்குது."

அதோடு அம்பு விளையாட்டையும் விட்டார். தோள் வலிக்கு நல்லது என்று சிரில் கொண்டுவந்து கொடுத்த குதிரைக்குத் தடவும் தைலத்தை நெஸ்டா முகம் சுளித்தபடி வாங்கி அலமாரியில் வைத்தாள்.

வசந்தம் வந்ததும் பொய்யும் கூடவே தழைத்தது. முதலாளியம்மா மிஸஸ் டாவர்னர் கணவரை இழந்தவர். எழுபதைத் தாண்டியும் கைத்தடியோடு தினமும் தோட்டத்தை ஒரு சுற்று வருவார். அவர் ஆசைப்பட்டு விதைக்கச் சொல்லியிருந்த நீலப் பூ பூக்கும் லார்க்ஸ்பர் நாற்றுகள் மெல்லிய இழைபோல முளைத்து நின்றன. வில்ஃப் அதைக் களையென்று நினைத்து, ஒரே காலையில் களைக்கொத்தால் பாத்தி முழுவதையும் சுத்தமாகச் சீவித் தள்ளிவிட்டார்.

"என் லார்க்ஸ்பர் எங்க?" என்றார் மிஸஸ் டாவர்னர்.

வில்ஃபின் வாயில் வந்தது நத்தை. "நத்தை தின்னுடுச்சு மேடம். இந்த வருஷம் ஓடில்லாத நத்தை ரொம்ப அதிகம்."

"ஒரே ராத்திரியிலயா?"

"பசி போல இருக்கு மேடம்."

அன்றிலிருந்து நத்தைகளுக்குக் கெட்ட காலம். அவர் மிதித்த லெட்டூஸ் கீரை நாற்றும் நத்தை தின்றது, தவறிக் கிள்ளிய பட்டாணிக் கொழுந்தும் நத்தை தின்றது. ஒரு நாள் தள்ளுவண்டியை நாற்றுப்பெட்டிமேல் விட்டு அதன் கண்ணாடி மூடியை உடைத்தார். சத்தம் கேட்டு வந்த மிஸஸ் டாவர்னர் சில்லுகளைக் கைத்தடியால் தள்ளிப் பார்த்தார்.

"இதையும் நத்தையா உடைச்சது, வில்ஃப்?"

அவர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, "கை நழுவிடுச்சு மேடம்" என்றார். மிஸஸ் டாவர்னர் அவர் முகத்துக்கு வெகு அருகில் வந்து நின்றார். ஏதோ முகர்ந்து பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலையில் ஊர்ச் சனங்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவிடும் நாள். தேவாலயக் கூரையைச் செப்பனிட நன்கொடை திரட்டுவதற்காக வருடா வருடம் நடப்பது. தெற்குச் சுவரோரம் முழுக்க வெள்ளைப் பூவாகவே ஒரு நீளப் பாத்தி உண்டு. அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்தப் பாத்தியில் நாற்று நட வேண்டிய வாரத்தில் நெஸ்டாவின் தங்கை படுத்த படுக்கையாகிவிட, அவளைக் கவனிக்க நெஸ்டா வேல்ஸுக்குப் போய்ப் பல வாரம் தங்கும்படி ஆனது. நாற்றுத் தட்டுகளில் குத்தியிருந்த குச்சிகள் காற்றில் சாய்ந்து கிடந்தன. வில்ஃப் கைக்கு வந்த தட்டை எடுத்து நட்டார்.

அவர் நட்ட பெட்டூனியாச் செடிகள் பூத்தபோது பாதி வெள்ளை, பாதி கத்தரிப்பூ நிறம். அதுவும் கறுப்பென்றே சொல்லலாம் போன்ற அடர்த்தி. வில்ஃபுக்கு வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. இடையிடையே இருளடித்துத் தெரிந்ததை நாற்று பிடிக்காத வெறும் மண் என்று நினைத்து, அங்கெல்லாம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிவந்தார். அந்த நிறப் பூக்கள் அமோகமாக வளர்ந்தன.

பாதிரியார் பாத்தி முன்னால் வெகுநேரம் நின்றார். "துணிச்சலான யோசனை" என்றார்.

"எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார், இரண்டு வாரம் வெளியூர் போய் அன்று காலைதான் திரும்பியிருந்த மிஸஸ் டாவர்னர். அதற்குமேல் அன்று முழுக்க அவர் வில்ஃபோடு பேசவில்லை. இரவு வேல்ஸிலிருந்து திரும்பிய நெஸ்டாதான் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்து அவருக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லா வேணும் எனக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்டில் மிஸஸ் டாவர்னரின் மகள் ரோஸலின்ட் லண்டனிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒரு மதியம், வாதுமை மரத்து நிழலில் பச்சைப் போர்வை விரித்துக் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, தொப்பி எடுத்துவர உள்ளே போனாள். ஒரு நிமிட வேலைதான். ஆனால் உள்ளே தொலைபேசி மணி அடித்தது, அவள் நின்று பேசத் தொடங்கினாள். அதே நேரத்தில் வில்ஃப் ஏறி ஓட்டும் புல்வெட்டு வண்டியோடு மூலை திரும்பி அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். நிழலும் பச்சை, புல்லும் பச்சை, போர்வையும் பச்சை. அவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நெஸ்டா பின்கட்டில் ஈரப் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பியவள் பார்த்துவிட்டாள். கத்தினாள். எந்திரச் சத்தத்தில் அவள் குரல் அவருக்குக் கேட்கவில்லை. கையில் இருந்த விரிப்போடு அப்படியே ஓடினாள்.

வில்ஃபின் மங்கலுக்குள் பெரிதாக வெள்ளையாக ஏதோ ஒன்று பறந்து வந்தது. என்னவென்று தெரியாமலேயே அவர் எந்திரத்தை அணைத்தார்.

முன்சக்கரம் போர்வையின் ஓரத்தை மடித்திருந்தது. நெஸ்டா புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"என்ன? என்ன நெஸ்டா?"

"பாப்பா" என்றாள்.

அவர் இறங்கி முட்டிபோட்டார். புல்லைத் துழாவினார். போர்வை தட்டுப்பட்டது. அதைத் தடவிக்கொண்டே போன கையில் வெதுவெதுப்பான ஒரு சின்னப் பாதம் பட்டது. குழந்தை தூக்கத்திலேயே காலை உதறிக்கொண்டது. வில்ஃப் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது ஆகிவிடும்போல அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ரோஸலின்ட் தொப்பியோடு வெளியே வந்தாள். வண்டி நின்றிருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "பாப்பா தூங்குதுன்னு நிறுத்திட்டீங்களா வில்ஃப்? எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு."

அந்த வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வண்டிச் சாவியை உருவி எடுத்துக்கொண்டு நேரே மாளிகைக்குள் நடந்தார். செருப்பைக் கழற்றாமல் அந்த வீட்டு வரவேற்பறைக்குள் அவர் போனது அதுவே முதல் தடவை. நெஸ்டா பின்னாலேயே ஓடினாள்.

மிஸஸ் டாவர்னர் செய்தித்தாளை மடித்தார். "என்ன வில்ஃப்?"

வில்ஃப் சாவியை மேசையில் வைத்தார். வைத்த இடம் மேசை ஓரமாகப் போய், சாவி கம்பளத்தில் விழுந்தது. "எனக்குக் கண்ணு தெரியல மேடம். ரொம்ப நாளாவே தெரியல. லார்க்ஸ்பரை நத்தை தின்னல, நான்தான் கொத்தினேன். அதெல்லாம் போகட்டும். இப்ப உங்க பேத்திமேல வண்டியை ஏத்திருப்பேன். இவ ஓடி வரலைன்னா ஏத்தியிருப்பேன். நான் இன்னையோட நின்னுக்கறேன். வீட்டை ஒரு மாசத்துல காலி பண்ணிடறோம்."

மிஸஸ் டாவர்னரின் முகம் வெளுத்துப்போனது. எழுந்து ஜன்னலுக்குப் போனார். மரத்தடியில் மகள் குழந்தைக்குத் தொப்பி கட்டுவது தெரிந்தது. வெகுநேரம் முதுகைக் காட்டியபடியே நின்றார். அந்த நேரத்தில் நெஸ்டா தன் ஏப்ரன் நுனியைக் கயிறாகத் திரித்துவிட்டாள்.

"என் பொண்ணுகிட்ட இதை நான் சொல்லிக்கறேன்" என்றார் கடைசியில். "நீங்க ரெண்டு பேரும் சொல்ல வேண்டாம். இப்ப உங்களைப் பாத்தா எனக்கு அவ்வளவு கோபம் வருது, வில்ஃப். பேசவே பிடிக்கல."

"சரி மேடம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

வில்ஃப் குனிந்து கம்பளத்தில் சாவியைத் துழாவினார். நெஸ்டாதான் சொன்னாள். "டாக்டர்ட்ட போகவே இல்ல மேடம். இவங்கப்பாவுக்கு வந்த அதே நோவுன்னு இவராவே சொல்லிக்கிட்டு இருக்கார். போனா வேலை போயிடும், வீடு போயிடும்னு பயம்."

மிஸஸ் டாவர்னர் திரும்பினார். "போகவே இல்லையா? ஒரு தடவைகூடவா?" பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீங்க குடிக்கறீங்கன்னு நினைச்சேன். என் வீட்டுக்காரர் கடைசியில அப்படித்தான் கண்ணாடியா உடைச்சிட்டிருந்தார். அதான் வாயைத் திறந்து கேக்க எனக்குத் தைரியம் வரல. வசந்தத்துலேர்ந்து உங்க பக்கத்துல வந்து வந்து மோந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"குடியா?" நெஸ்டாவுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அரை கிளாஸ் ஆப்பிள் சைடர் குடிச்சாலே இந்த மனுஷன் சட்டையோட தூங்கிடுவார் மேடம்."

மிஸஸ் டாவர்னர் சிரிக்கவில்லை. ஆனால் கார் சாவியைத் தேடத் தொடங்கினார்.

அன்று டாக்டரைப் பார்க்க முடியவில்லை, மறு வாரம்தான் ஹெரஃபர்ட் மருத்துவமனையில் நேரம் கொடுத்தார்கள். மிஸஸ் டாவர்னரே காரை ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒன்றே ஒன்றுதான் பேசினார். "உங்க அப்பாவை அனுப்பினது என் மாமனார்தான்னு நேத்து நெஸ்டா சொல்லித்தான் தெரியும். எனக்கு அது நல்லா இல்ல. கண்ணு என்னவாயிருந்தாலும் சரி, நீங்க ரெண்டு பேரும் இருக்கற வரைக்கும் அந்த வீட்டுலேர்ந்து யாரும் உங்களைக் கிளப்பமாட்டாங்க. வக்கீல்கிட்ட சொல்லிட்டேன்."

பின்சீட்டில் நெஸ்டா வில்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் "இடது பக்கம் வண்டி வருது மேடம்" என்றார்.

"அது மரம், வில்ஃப்" என்றார் மிஸஸ் டாவர்னர்.

கண் டாக்டர் ஓர் அயர்லாந்துக்காரர். சொட்டு மருந்து விட்டு, மோவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக ஒளி பாய்ச்சிப் பார்த்தார். அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். வில்ஃப் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, தீர்ப்பைக் கேட்கத் தயாராக இருந்தார்.

"அழுத்தமெல்லாம் சரியா இருக்கு. நரம்பும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "உங்கப்பாவுக்கு இருந்தது வேற. உங்களுக்கு இருக்கறது புரை. ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்திப்போச்சு. இதை வெச்சுக்கிட்டு எப்படித்தான் நடமாடினீங்களோ."

"புரைன்னா?"

"கண்ணுல இருக்கற லென்ஸு மங்கிப்போச்சு. எடுத்துட்டு வேற வெச்சுடலாம்."

"வெச்சா?"

"தெரியும்."

வில்ஃப் கைப்பிடியை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தார். "டாக்டர், மன்னிச்சுக்குங்க. அதை இன்னொரு தடவை சொல்றீங்களா?"

டாக்டர் சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

வெளியே நடையில் காத்திருந்த மிஸஸ் டாவர்னரிடம் நெஸ்டா ஓடிப்போய்ச் சொன்னாள். சொல்லும்போதே அவள் மூக்கு ஒழுகியது. மிஸஸ் டாவர்னர் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். வில்ஃபுக்கோ அகோரப் பசி. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. மூன்று பேரும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து காகிதத்தை விரித்துத் தின்றார்கள். கார் முழுக்க வினிகர் வாடை. "ஒரு மாசத்துக்குப் போகாது" என்று சொல்லிக்கொண்டே மிஸஸ் டாவர்னர் விரலை நக்கினார். வில்ஃப் தன் பங்கைத் தின்று முடித்து நெஸ்டாவின் காகிதத்துக்குள்ளும் கையை விட்டார்.

"கண்ணு தெரியாதவனுக்கு என் மீன் மட்டும் நல்லா தெரியுது" என்றாள் அவள்.

அறுவைக்கு முறை வர நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை வில்ஃப் மண் கொத்தினார், மட்கு உரம் கிளறினார், நெஸ்டா காட்டிய இடத்தில் கிழங்கு நட்டார். புல் வெட்ட சிரில் வந்தார். வில்ஃப் வேலியோரம் நின்று, "கோணலா போகுதுடா" என்று குரல் கொடுப்பார்.

"கோணலா இருக்கறது உனக்கு எப்படிடா தெரியும்?"

"நீ வெட்டினா வேற எப்படி இருக்கும்?"

ரோஸலின்டுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவள் அடுத்த தடவை வந்தபோது வில்ஃபிடம் அதிகம் பேசவில்லை. போகும்போது மட்டும் கார் கண்ணாடியை இறக்கி, "அறுவை நல்லபடியா நடக்கட்டும்" என்றாள். அதுவே தனக்கு அதிகம் என்று வில்ஃப் நெஸ்டாவிடம் சொன்னார்.

மருத்துவமனையில் முதல் கண்ணின் கட்டைப் பிரித்தபோது அவருக்கு முதலில் தெரிந்தது நர்ஸின் கம்பளிச் சட்டை. நீலம். நீலம் என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. சாம்பலும் பழுப்புமாகவே பார்த்துப் பழகிப்போன கண்ணுக்கு அது கூசியது. சட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் பெண் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டாள்.

பிறகு நெஸ்டா உள்ளே வந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எப்ப இவ்வளவு கிழவியானே?"

"வீட்டுல கண்ணாடி இருக்கு. வா, காட்டறேன்" என்றாள் நெஸ்டா. கட்டிலோரம் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பிய மறுநாள் தோட்டத்தைச் சுற்றி வந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அஸ்பராகஸ் காய்கறிப் பாத்தி முழுக்கக் கொடிக்களை பின்னிக் கிடந்தது. செடி வேலி ஒருபக்கம் குண்டாகவும் ஒருபக்கம் ஒட்டியும் இருந்தது. ரோஜாக்களுக்கு நடுவே ஆள் உயர முள்செடி ஒன்று மகாராஜாவாக நின்றது. அதற்குத் தன் கையாலேயே எருவும் போட்டிருக்கிறார் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"இவ்வளவு களையா! ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா நத்தை நட்டதுன்னு சொல்வீங்க" என்றார் பின்னால் வந்த மிஸஸ் டாவர்னர்.

இரண்டாவது கண்ணையும் அடுத்த வருடக் கோடைக்குள் முடித்தார்கள். வெள்ளைப் பாத்தி அந்த வருடம் வெள்ளையாகவே பூத்தது. புல்வெட்டு வண்டிச் சாவியை மிஸஸ் டாவர்னர் திருப்பிக் கொடுத்தபோது, வில்ஃப் வாங்கிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன் புல்வெளி முழுவதையும் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார். கண் நன்றாகத் தெரிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

அதற்கடுத்த பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், பழைய ஆப்பிள் மரத்தில் ஏணி போட்டு ஏறி நின்றிருந்தார். குறுக்கே வளர்ந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்து, அறுத்துக் கீழே போட்டார். மேற்கே வானம் ஆரஞ்சும் பச்சையுமாகக் கலந்து கிடந்தது. அதையும் நடுநடுவே நின்று பார்த்துக்கொண்டதால் வேலை மெதுவாகத்தான் நடந்தது.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு! இறங்குறியா, ஏணியை எடுத்துடட்டுமா?" என்று நெஸ்டா வாசலிலிருந்து கத்தினாள்.

"இந்த ஒரு கிளைதான்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த கிளைக்கு ரம்பத்தை மாற்றினார்.